கதவு சாத்துகிறது என்பதெல்லாம் ஒரு சோதனையா? மியாட்டா ஃப்ரேம் ரெயில் பஞ்சாயத்து

பழைய இரும்பு:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார். 1990 மாஸ்டா மியாட்டாவுக்கு (கெட்டிக் கூரை இல்லாத கார், அதனால் உடல் வளையும்) அடியில், நீளவாக்கில் ஓடும் சட்டத்துக்கு மேலே போல்ட் போடும் ஃப்ரேம் ரெயில் மாட்டினாராம், ஒரு மூலையை ஜாக்கில் தூக்கிக் கதவைச் சாத்திப் பார்த்தாராம், டக்கென்று சாத்தியதாம், அதனால் கார் இப்போது "பாறை மாதிரி" ஆகிவிட்டதாம். படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. துருப் பிடிக்காத மியாட்டா எதுவானாலும் ஒரு மூலையைத் தூக்கினால் கதவு சாத்தத்தான் செய்யும். என் காரில் இந்தப் போல்ட் ரெயிலே இல்லை, அதுவும் சாத்துகிறது. ஜாக்கை எங்கே வைத்தீர்கள் ஐயா? கதவுக்குக் கீழே ஓடும் சில்லின் விளிம்பிலா, சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேமிலா? அதைச் சொல்லாமல் முடிவை மட்டும் அறிவித்தால் எப்படி?

சிவப்பு1990:
அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே எழுதலாம். ரெயில் மாட்டுவதற்கு முன்னால் தூக்கினால் கதவு பூட்டுக் கொக்கியின் மேல் உரசும், அங்கே பெயின்ட் போய் ஒரு கோடு விழுந்திருக்கிறது. இப்போது உரசவில்லை. பாலத்து இணைப்புகளைத் தாண்டும்போது உள்கண்ணாடி ஆடி, பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும். இப்போது ஒன்றாகத் தெரிகிறது. என் கண்ணை நம்பவா, உங்கள் எரிச்சலை நம்பவா?

பழைய இரும்பு:
ஜாக் எங்கே?

முறுக்குக் கணக்கு:
ஒரு நிமிடம். விறைப்பு என்று இங்கே எதைச் சொல்கிறோம்? ஒரு பக்கச் சக்கரம் மேடேறும்போது உடல் முறுக்குவதையா, நடுவில் தொய்வதையா? மூலையைத் தூக்கினால் இரண்டும் கலந்துதான் வரும், கதவைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஃப்ரேம் ரெயில் தரைத் தகட்டில் ஒட்டிய உயரமில்லாத யு வடிவத் தகடு. முறுக்கத்தைத் தாங்குவதற்கு மூடிய பெட்டி வடிவம் வேண்டும். இந்தக் காரில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் இரண்டு பக்கச் சில்லும், தரையின் நடுவே கியர்பாக்ஸுக்காக மேடாக எழும்பிய டனலும். ஆகவே முதலில் எதை அளக்கிறோம் என்று...

வெல்டிங் அண்ணாச்சி:
கணக்கெல்லாம் இருக்கட்டும் தம்பி. வெல்ட் பிடிக்காத ரெயில் ரெயிலே இல்லை. மெல்லிசுத் தகட்டில் ஓட்டை போட்டு போல்ட்டை முறுக்கினால் தகடு நசுங்கும், அப்புறம் கொஞ்ச நாளில் கிரீச் கிரீச். வெல்ட் பிடிக்கும்போதும் நாலு சக்கரமும் வண்டியின் எடையோடு நிற்க வேண்டும். தொங்கவிட்டுப் பிடித்தால் தொங்கின வடிவத்திலேயே நின்றுவிடும். முக்கியமாக உள்ளே கார்பெட்டைக் கழற்றிவிடுங்கள், புகை வந்த பிறகு ஞாபகம் வந்து பிரயோஜனமில்லை.

ஒன்று புள்ளி எட்டு:
மாஸ்டாவே ஒப்புக்கொண்ட விஷயத்துக்கு ஏன் இத்தனை சண்டை? 1994 மாடலில் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது சீட்டுக்குப் பின்னால் இரண்டு சீட் பெல்ட் தூண்களையும் இணைத்து ஒரு குறுக்குக் கம்பி போட்டார்கள், சப்ஃப்ரேம்களுக்கும் தாங்கு கம்பி கொடுத்தார்கள். அதற்கு முந்தைய 1.6 லிட்டர் கார் தொளதொளவென்று இருந்ததால்தானே? நல்ல காரை முதலிலேயே வாங்கியிருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது.

சிவப்பு1990:
வந்துவிட்டார் 1.8 ஜமீன்தார். கம்பியோடு எடையையும் சேர்த்துக் கொடுத்தார்கள், அதையும் எழுதுங்கள். 1989இல் சிகாகோ கண்காட்சியில் உலகம் வாய்பிளந்து பார்த்தது 1.6 காரைத்தான்.

பழைய இரும்பு:
1.6, 1.8 கதை கிடக்கட்டும், இரண்டுமே நல்ல கார். நான் கேட்ட கேள்வி ஒன்றுதான், ஜாக் எங்கே வைத்தீர்கள், இன்னும் பதில் இல்லை. உரசல் நின்றதற்கு ரெயில்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? அடியில் வேலை நடந்த அன்று கதவுக் கீலை யாராவது முறுக்கினார்களா, கொக்கியை நகர்த்தினார்களா? காரோடு வந்த பழைய ரெயிலை முந்தைய உரிமையாளர் ஜாக் வைத்து நசுக்கியிருப்பார், பாதி மியாட்டாக்களின் கதி அதுதான், அதைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தித்தானே புது ரெயிலை மேலே மாட்டினீர்கள்? அப்படியென்றால் நசுங்கிய தகட்டைச் சரிசெய்த பலனா, புது இரும்பின் பலனா? கண்ணாடி ஆட்டத்துக்கு வருவோம். டயரில் எவ்வளவு காற்று, சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருப்பது பழைய ரப்பர் புஷ்ஷா புதிதா, எதுவும் சொல்லவில்லை. நான் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பி) போட்டிருக்கிறேன், ஒழுங்காக நாலு இடத்தில் பிடித்தது, அதனால் பின்பக்கம் இறுகியது எனக்குத் தெரியும், ஆனாலும் கதவைச் சாத்திக் காட்டி நான் விழா எடுக்கவில்லை.

புதுசு:
பெரியவர்கள் மன்னிக்கவும், ஒரு சந்தேகம். இந்தக் காருக்கு நடுவில் பிபிஎஃப் என்று ஒரு நீள அலுமினியச் சட்டம் இருக்கிறதே, அது போதாதா?

பழைய இரும்பு:
போதாது. அது கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் இணைக்கிறது, உடலை அல்ல. இன்ஜினும் டிஃபரன்ஷியலும் ரப்பரில் உட்கார்ந்திருக்கின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்து விட்டால் டிஃபரன்ஷியல் தலையாட்டாமல் இருக்கத்தான் அந்தச் சட்டம். அடுத்து பானெட்டுக்குள் இரண்டு பக்க ஷாக் மவுண்டுகளையும் இணைக்கும் முன்பக்க ஸ்ட்ரட் கம்பியைப் பற்றிக் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது டபுள் விஷ்போன் கார், அதாவது மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும்; மேல் மவுண்டுக்கு வருவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தரும் சுமைதான், சக்கரத்தின் சாய்வைப் பிடித்திருப்பது கைகள். ஷாக்கே சக்கரத்தின் சாய்வைப் பிடித்திருக்கும் மெக்ஃபர்சன் கார்களில் கிடைக்கும் பலனை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பானெட்டைத் திறந்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

சிவப்பு1990:
பாடம் எடுக்கிறவர் போன வருடம் எனக்கு விற்ற ஷாக் பற்றியும் ஒரு வகுப்பு எடுக்கலாம். பின் இடதில் எண்ணெய் ஒழுகியது. படத்தில் துடைத்து வைத்திருந்தீர்கள்.

பழைய இரும்பு:
அது ஒழுகல் இல்லை, வியர்வை. ஷாக் தண்டில் லேசாக எண்ணெய்ப் படலம் இருப்பது சாதாரணம். அந்த விலைக்குப் புதுசா தருவார்கள்? பேச்சை மாற்றாதீர்கள். ஜாக் எங்கே?

சிவப்பு1990:
வியர்வைக்கு வீட்டுத் தரையில் தட்டளவு கறை விழுமா?

ஸ்கார்பரோக்காரன்:
அண்ணைமார், நீங்கள் எல்லாரும் பனிக்காலத்தில் தெருவுக்கு உப்புப் போடாத ஊரில் இருந்து கதைக்கிறீர்கள். இங்கே முதலில் சில்லைப் பாருங்கோ. கூரைத் துணியில் விழும் மழைத்தண்ணி பெல்ட் தூணுக்குப் பக்கத்தால் இறங்கி அடியால் வெளியேற வேணும். அந்தக் குழாய் இலைக்குப்பையால் அடைபட்டால் தண்ணி சில்லுக்குள்ளே போய் நிக்கும், பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ளேயிருந்து உக்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும். சில் போன காருக்கு ரெயிலும் கம்பியும் போட்டு என்ன பிரயோசனம்?

முறுக்குக் கணக்கு:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். உடல் வளைந்தால் அதுவும் ஸ்பிரிங்கோடு தொடராகச் சேர்ந்த இன்னொரு ஸ்பிரிங், ஆனால் அதற்கு ஷாக் கிடையாது. சில் பலமாக இருந்தால்...

வெல்டிங் அண்ணாச்சி:
சில்லையும் வெல்ட்தான் பிடிக்க வேண்டும். போல்ட் போட முடியுமா? முடியாது. நான் சொன்னது சரி.

ஒன்று புள்ளி எட்டு:
ஹார்ட் டாப்பை (துணிக்குப் பதில் மாட்டும் கெட்டிக் கூரை) மாட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது, கறுப்பு, பின்கண்ணாடி முழுசாக இருக்கிறது, வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

பழைய இரும்பு:
சில் பற்றி ஸ்கார்பரோக்காரர் சொன்னதை நான் மறுக்கவில்லை, ஆனால் அதுவும் என் கேள்விக்குப் பதில் இல்லை. ஹார்ட் டாப் என்பது பிளாஸ்டிக் தொப்பி, நாலைந்து கொக்கியில் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் சத்தம் குறையும், கொஞ்சம் இறுக்கம் தெரியும், அதற்கு மேல் கற்பனை. அதைக் கட்டமைப்பு என்று சொல்லி விலையேற்றி விற்பதற்கு இது சந்தை இல்லை.

ஒன்று புள்ளி எட்டு:
வியர்க்கும் ஷாக்கை விற்றவர் சந்தை பற்றிப் பேசுகிறார். விலையை நான் சொல்லவே இல்லையே, எங்கே ஏற்றினேன்?

புதுசு:
அந்தக் கறுப்பு டாப் 1.6 காருக்கும் பொருந்துமா அண்ணா?

ஒன்று புள்ளி எட்டு:
பொருந்தும். பக்கக் கொக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது தனி விலை.

பழைய இரும்பு:
கொக்கி தனி விலையாம்! இதற்குப் பெயர் ஏற்றம் இல்லாமல் வேறென்ன?