மறு: வீடியோ ஐபீஸ் – ‘பிம்பவாங்கி’ என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தொலைநோக்கியில் நாம் கண் வைத்துப் பார்க்கும் வில்லைக்குழாய்தான் ஐபீஸ்; அதற்குப் பதிலாகச் செருகும் சிறு கேமராவை வீடியோ ஐபீஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயராக இந்தக் குழுவில் இதுவரை வந்திருக்கும் சொற்கள்: காணொளிக் கண்ணருகு வில்லை, விழியக்கண், திரைக்கண், பிம்பமேந்தி. கடைசிச் சொல் என் மனத்தில் இருப்பதற்கு மிக அருகில் வருகிறது. முதல் மூன்றும் வேண்டாம் என்பேன். சேலத்துப் பள்ளிகளுக்குச் சூரியனைக் காட்டப் போகும்போது கருவியின்மேல் ஒட்டப்போகிற பெயர் இது. அதைப் படிக்கிற பிள்ளை அடுத்து என்ன செய்யும் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கருவியைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. ஒன்றேகால் இஞ்ச் தடிமனுள்ள சிறு குழாய். முன்பக்கம் விரல்நகம் அளவுகூட இல்லாத, ஒளியை உணரும் ஒரு சில்லு, பின்பக்கம் யு.எஸ்.பி. ஒயர். தொலைநோக்கியில் ஐபீஸைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் இதைச் செருகுவோம். தொலைநோக்கியின் முன்முனையில் இருக்கும் பொருளருகு வில்லை உண்டாக்கும் மெய்பிம்பம், அதாவது திரையில் பிடிக்கக்கூடிய பிம்பம், நேராகச் சில்லின்மேல் விழும். ஐபீஸ் அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்குத் தரும். இது எதையும் பெரிதாக்குவதில்லை. விழுந்ததை மின்குறியாக மாற்றி மடிக்கணினிக்கு அனுப்புகிறது, அவ்வளவே. கண்ணும் இல்லை, அருகும் இல்லை, வில்லையும் இல்லை. பிறகு எப்படி அது கண்ணருகு வில்லை?

இரவு வானம் பார்க்கும்போது இதை வெறும் சொற்பிழை என்று விட்டுவிடலாம். சூரியனிடம் அப்படி விடமுடியாது. தொலைநோக்கியின் வாயில் கட்டும் சூரிய வடிகட்டிப் படலத்தில் இரண்டு வகை விற்கிறார்கள். அடர்த்தி எண் 5 உள்ளது, வரும் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். கண்ணால் பார்க்க அதுதான். அடர்த்தி எண் 3.8 உள்ளது படமெடுக்க மட்டும். அது ஏறத்தாழ 6,300-ல் ஒரு பங்கை விடும். முந்தையதைப்போல் சுமார் 16 மடங்கு. சில்லுக்கு இந்த வெளிச்சம் பெரிய வசதி. ஒவ்வொரு படத்தையும் நொடியின் மிகச்சிறு துணுக்கில் எடுத்துவிடலாம், காற்றின் நடுக்கம் அதிகம் பதியாது. கண்ணுக்கோ அதே வெளிச்சம் ஆபத்து.

இப்போது மேசையை நினைத்துப் பாருங்கள். வாயில் 3.8 படலம் கட்டியிருக்கிறது. குழலில் ‘திரைக்கண்’ என்று எழுதிய பொருள் செருகியிருக்கிறது. பக்கத்துப் பெட்டியில் உண்மையான ஐபீஸ் கிடக்கிறது. இரண்டும் ஒரே இனம், ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்று பெயரே சொல்லிக்கொடுக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆசைப்பட்டு மாற்றிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. சுடும்போது அவனுக்குத் தெரியாது. பிறகு பார்வையில் விழுந்த ஓட்டைதான் தெரியும். ‘கண்’ என்ற சொல் இந்தக் கருவியின் பெயரில் எங்கும் வரக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

> எங்கள் ஊரில் 16 கண் மதகு இருக்கிறது. அதில் எந்தக் கண் பார்க்கிறது? கண் என்றால் திறப்பு என்றும் பொருள் உண்டே.

மேட்டூர் ஆசிரியர் ஐயா, இந்த விவாதத்தில் வந்த மிக நல்ல வாதம் இது. தேங்காய்க்குக் கண் உண்டு, கரும்புக்கு உண்டு, சல்லடைக்கும் உண்டு. அந்த வழியிலேயே போவோம். தொலைநோக்கியில் திறப்பு எது? ஐபீஸ் செருகுகிற ஓட்டைதானே. மதகில் இறக்குகிற ஷட்டரை யாரும் கண் என்பதில்லை. நீர் பாயும் வழியைத்தான் கண் என்கிறோம். ஆகவே உங்கள் சொல்லை அந்த ஓட்டைக்கே கொடுத்துவிடலாம்: கண்குழல். ஒன்றேகால் இஞ்ச் கண்குழல், இரண்டு இஞ்ச் கண்குழல். இந்தக் குழுவில் இதுவரை அதற்குப் பெயர் வைக்காமல் ‘அந்த ஓட்டை’ என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏந்தியா, வாங்கியா? அம்மாபேட்டை அக்கா சொன்ன பிம்பமேந்தி காதுக்கு அழகாக இருக்கிறது. ஏந்துவது என்றால் விழுவதைப் பிடித்துக்கொண்டு நிற்பது. கலிலியோ 1612-ல் சூரியக் கரும்புள்ளிகளை வரைந்தது அப்படித்தான். அவருடைய மாணவர் கஸ்தெல்லி கண்டு சொன்ன முறைப்படி, தொலைநோக்கிக்குப் பின்னால் தாளை வைத்து, அதில் விழுந்த வட்டத்தின்மேலேயே புள்ளிகளைக் குறித்தார். அந்தத் தாளுக்கும், இன்று நாம் பிள்ளைகளுக்குப் பிடித்துக் காட்டும் வெள்ளை அட்டைக்கும் பிம்பமேந்தி என்பதே மிகப் பொருத்தம். அக்கா, உங்கள் சொல் வீணாகவில்லை. அதை அந்த அட்டைக்கு வைத்துக்கொள்வோம்.

சில்லு வாங்குகிறது, மாற்றுகிறது, மறுபக்கம் கொடுக்கிறது. ஒலிவாங்கி ஒலியை வாங்கிச் செய்கிற அதே வேலை. ஒலிவாங்கியைத் தமிழர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே அச்சில் வார்த்தால் பிம்பவாங்கி. ‘ஒளிவாங்கி’ போதுமே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். போதாது தம்பி. பள்ளி மைதானத்தில் மைக்கில் சொல்லும்போது லகரமும் ளகரமும் கரைந்துவிடும். பிள்ளைகள் மைக்கைத் தேடுவார்கள். மேலும் ஒளியை வாங்குவதாகச் சொன்னால் சூரியத் தகடும் ஒளிவாங்கிதான்.

பிம்பம் வடசொல் என்ற மறுப்பு வருமென்று தெரியும். உண்மைதான். ஆனால் மெய்பிம்பம், மாயபிம்பம் என்று படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, அந்த மெய்பிம்பம் விழுகிற இடம் இதுதான் என்று பெயரிலேயே காட்டிவிடலாம். ‘உருவாங்கி’ என்று எழுதிப் பார்த்தேன், படிப்பவர்கள் உருவாக்கி என்று படிக்கிறார்கள்.

வீடியோவைக் குறிக்கும் காணொளி, விழியம் என்ற முன்னொட்டு தேவையில்லை என்பதற்கு ஏற்காட்டு ஏரிக்கரையே சாட்சி. சேலத்து மொட்டைமாடியில் காலை பத்து மணிக்கெல்லாம் தளம் சூடேறி, சூரியனின் விளிம்பு கொதிக்கிற பால்போல் தளும்பத் தொடங்கிவிடும். ஏரிக்கரையில், மூடுபனி விலகிய பிறகு, தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாததால் காற்று அடங்கியிருக்கும். உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரித் தீவில் கட்டியதற்கும் காரணம் இதுதான். மடிக்கணினியை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மேலே கறுப்புத் துணியைப் போட்டால், பிள்ளைகள் தலையை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். கரும்புள்ளியின் நடுவே அடர்ந்த கருமை, அதைச் சுற்றி நார்நாராக மங்கிய வளையம். சூரியனைத் தொடர்ந்து தொலைநோக்கியைத் திருப்பும் சுழல்மோட்டார் இல்லாத தாங்கியாக இருந்தால் சூரியன் தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்து திரையைவிட்டு ஓடிவிடும். “சூரியன் எங்க ஓடுது?” என்ற கேள்வி அப்போது கட்டாயம் வரும்; ஓடுவது நாம் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை.

இதில் வீடியோ எங்கே? பார்ப்பவர் பார்க்கிறார், பதிவு செய்வதென்றால் கணினி செய்கிறது. பதிந்தவற்றில் காற்று அடங்கிய நொடிகளில் விழுந்த படங்களை மட்டும் பொறுக்கி அடுக்கி ஒரே படமாக்குகிறோம். கடைசியில் கையில் இருப்பது அசையாத ஒரு படம். அந்தக் கருவிக்குக் காணொளி என்று பெயரிட என்ன இருக்கிறது?

ஒரு மறுப்புக்கு மட்டும் இடம் கொடுக்கிறேன். கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் சூரியனை அன்றாடம் படம் பிடித்து வருகிறது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடும் பிம்பத்தை வாங்கியதுதானே என்று கேட்கலாம். கேட்டால், தகடு வாங்கி வைத்துக்கொள்ளும், அலம்பிய பிறகே காட்டும். இது அந்தக் கணமே கொடுக்கும். அந்த வேறுபாடு பெயரில் தெரிய வேண்டுமென்றால் ‘மின்பிம்பவாங்கி’ என்று நீட்டிக்கொள்ளலாம். எழுத்தில் நீண்டது, பேச்சில் குறுகியது என்று இருப்பது நமக்குப் புதிதல்ல.

யாரும் வலுவாக மறுக்காவிட்டால் கருவியில் ‘பிம்பவாங்கி’, குழலில் ‘கண்குழல்’ என்று ஒட்டிவிடுகிறேன். 3.8 படலத்தின் வளையத்தில் ‘கண் வைக்காதே’ என்று சிவப்பில் தனியாக.

இன்னொரு சொல் பாக்கி. எங்களிடம் உள்ள தொலைநோக்கியின் குவியத்தூரம் 900 மி.மீ.; சூரியன் சுமார் 8.4 மி.மீ. வட்டமாக விழுகிறது. சில்லோ 4.8-க்கு 3.6 மி.மீ. முழுச் சூரியன் உள்ளே வராது. முன்னால் ஒரு வில்லையைத் திருகி வட்டத்தைப் பாதியாக்கினால் 4.2 மி.மீ.; அப்போதும் மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும், ஆனால் பக்கவாட்டில் முழுதும் வந்துவிடும். அந்த வில்லைக்குக் ‘குவியக்குறுக்கி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். குறுகுவது குவியமா, குவியத்தூரமா என்று இயற்பியல் ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் அச்சடிக்கும் அட்டையிலேயே சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து