புதுப்பிப்பு: அயோனா தீவுச் சமையலறை

ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் உள்ள கிறிஸ்தவ மடத்துக்குச் சமையலறைத் தன்னார்வலராகப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இப்போது அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

வேலை கடினம்தான். பெரிய பாத்திரங்களைத் தூக்க வேண்டும், நாள் முழுக்க நின்றபடியே இருக்க வேண்டும். ஆனால் தனியாகச் செய்வதில்லை. தங்க வரும் விருந்தினர்களும் முறை வைத்துக் காய் நறுக்குகிறார்கள், தட்டு கழுவுகிறார்கள். காலை வழிபாடு முடிந்ததும் நேராக வேலைக்குப் போகிறோம். அந்த வேலையும் வழிபாட்டின் தொடர்ச்சிதான் என்பது இங்குள்ள நம்பிக்கை. இங்கு இயங்கும் ‘அயோனா சமூகம்’ என்ற கிறிஸ்தவக் குழுவை 1938-இல் தொடங்கிய ஜார்ஜ் மக்லியோட், வேலையிழந்த கைவினைஞர்களையும் பாதிரியார் பயிற்சியில் இருந்த இளைஞர்களையும் சேர்த்துத்தான் இடிந்து கிடந்த மடத்துக் கட்டடங்களை எழுப்பினார். அதைப் படித்துவிட்டு உருளைக்கிழங்கு சீவும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

சாப்பாடு பெரும்பாலும் சைவம்: சூப், ரொட்டி, பருப்பு, காய்கறி. மாவு முதல் வெங்காயம் வரை பக்கத்திலுள்ள மல் (Mull) தீவு வழியாகப் படகில்தான் வரவேண்டும். காற்று பலமானால் படகு நிற்கும். அப்போது கிடங்கில் இருப்பதை வைத்து அன்றைய சமையலையே மாற்றிவிடுகிறோம்.

அப்புறம், வர நினைப்பவர்களுக்கு: நல்ல மழைச்சட்டை, வழுக்காத செருப்பு இரண்டும் கட்டாயம்.