பைண்டர் எண் 0.61 வரவேண்டிய இடத்தில் 0.40 வருகிறது. எல்லைதான் காரணமா?

இளவேனில்:
சதுர வலையில் இருபரிமாண ஐசிங் மாதிரிக்கு (ஒவ்வொரு புள்ளியிலும் மேலோ கீழோ நோக்கும் ஸ்பின் உள்ள காந்த மாதிரி) மான்டே கார்லோ, அதாவது தற்செயல் எண்களை வைத்த கணிப்பு, ஓட்டினேன். பீரியாடிக் எல்லை (ஒரு ஓரத்தை எதிர் ஓரத்தோடு இணைப்பது) வைத்தால், வெவ்வேறு அளவு வலைகளின் பைண்டர் குமுலன்ட் (காந்தமாக்கத்தின் ஏற்ற இறக்கங்களிலிருந்து கணக்கிடும் எண்) கோடுகள் மாறுநிலை வெப்பநிலையான 2.269 அருகே வெட்டிக்கொள்கின்றன, மதிப்பு சுமார் 0.61. ஓரங்களைத் திறந்துவிட்டால், அதே வெப்பநிலையில் வலை பெரிதாகப் பெரிதாக 0.40 பக்கம் போகிறது. இது பொதுவான எண் என்றுதானே படித்தேன்? நிரலில் பிழையா?

வடம்:
பிழை இல்லை. ஆனால் திறந்த எல்லையை விட்டுவிடுங்கள். 16×16 வலையில் 256 ஸ்பின்களில் 60 ஓரத்தில் நிற்கின்றன. ஓரத்து ஸ்பின்னுக்கு மூன்றே அண்டை, மூலையில் இரண்டே. கால்வாசி வலை இப்படி இருந்தால் எதை அளப்பது? உங்களுக்கு வேண்டியது ν, β, γ என்ற மாறுநிலை அடுக்குகள் (மாறுநிலையருகே அளவுகள் எப்படி மாறுகின்றன என்று சொல்லும் எண்கள்). அவை எந்த எல்லையிலும் ஒன்றுதான். பீரியாடிக்கில் சின்ன வலையிலேயே அவை கிடைத்துவிடும்.

கரையோரம்:
"விட்டுவிடுங்கள்" என்பதை ஏற்க முடியவில்லை நண்பரே. மாறுநிலையில் தொடர்பு நீளம் (ஒரு ஸ்பின்னின் தாக்கம் எட்டும் தூரம்) வலை முழுக்கப் பரவிவிடும். நட்டநடுவில் இருக்கும் ஸ்பின்னைக்கூட ஓரம் எட்டித் தொடுகிறது. அதனால் 0.61, 0.40 இரண்டும் சரியான எண்களே, அவரவர் எல்லைக்கும் வடிவத்துக்கும். L அகலமுள்ள நீண்ட பட்டையை எடுங்கள். கட்டற்ற ஆற்றலில் 1/L² உறுப்பின் கெழு பீரியாடிக்கில் πc/6, திறந்த ஓரத்தில் πc/24; c என்பது மாதிரியைப் பொறுத்த ஒரு மாறிலி. ப்ளோட்டே, கார்டி, நைட்டிங்கேல் மூவரும், தனியாக அஃப்லெக்கும் 1986-ல் காட்டியது இது. L எவ்வளவு வளர்ந்தாலும் அந்த நான்கு மடங்கு வித்தியாசம் கரையாது.

வடம்:
திறந்த பட்டையில் அதற்கு முன்னால் ஓரத்தால் வரும் 1/L உறுப்பு வந்து உட்காருகிறதே, அதையும் சொல்லுங்கள். அதைக் கழித்தால்தான் உங்கள் 1/L² கண்ணில் படும். புதிதாகத் தொடங்குகிறவரை ஏன் அதில் தள்ளவேண்டும்?

கரையோரம்:
கஷ்டம்தான், ஆனால் இயற்கையில் இருப்பது சுவர். 1997-ல் விண்ணோடத்தில், 57 மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள சிலிக்கான் தட்டுகளுக்கு நடுவே ஹீலியத்தை வைத்து வெப்ப ஏற்புத்திறனை அளந்தார்கள். தட்டை ஒட்டிய இடத்தில் மீப்பாய்மத்தின் (உராய்வின்றிப் பாயும் நிலை) ஒழுங்களவு, அதாவது அந்த நிலை எவ்வளவு இருக்கிறது என்பதன் அளவு, பூச்சியமாகிவிடும். அந்தத் தரவுக்குப் பக்கத்தில் பீரியாடிக் கணக்கை வைத்தால் பொருந்தாது. அப்புறம், "எந்த எல்லையிலும் ஒன்றுதான்" என்றீர்கள். ஐந்து பரிமாண ஐசிங்கில் சரியாக மாறுநிலை வெப்பநிலையில் காந்த ஏற்புத்திறன் பீரியாடிக்கில் L^(5/2) ஆக வளரும் (இங்கே L வலையின் பக்க நீளம்), திறந்த எல்லையில் L² ஆக. அடுக்கே வேறு.

வடம்:
ஐந்து பரிமாணத்தை ஒப்புக்கொள்கிறேன், அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். இரண்டு, மூன்று பரிமாணத்தில் ν மட்டும் வேண்டுமென்றால் இன்னமும் பீரியாடிக்தான் என் பதில்.

இளவேனில்:
இருவருக்கும் நன்றி. ν-ஐ பீரியாடிக்கில் எடுக்கிறேன். திறந்த வலையை 128 வரை கொண்டுபோய் 0.40 எங்கே நிலைக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.