சீரான வேகத்தில் ஓடும் பேருந்துக்கு விசை எதற்கு?

மருதம்:
பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் எழுப்பிய ஐயம் இது. நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை கிடைக்கும் என்கிறது பாடம். நேரான சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகம் மாறாமல் ஓடும் பேருந்துக்கு முடுக்கம் சுழி என்பதால், அதன் மீதான விசையும் சுழியாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வேகம் ஏன் குறைகிறது?

நெடுவழி:
மிக நல்ல கேள்வி. அந்தச் சூத்திரம் குறிப்பது ஏதோ ஒரு தனி விசையை அன்று. பொருளின் மீது செயல்படும் எல்லா விசைகளையும் திசையோடு கூட்டிய பின் எஞ்சும் தொகுபயன் விசையை. ஒரு கணக்காகப் பாருங்கள். பேருந்தின் நிறை 10 டன் எனக் கொண்டால், டயர்களின் உருளும் உராய்வு சுமார் 1,000 நியூட்டன், எதிர்க்காற்றின் தடை சுமார் 900 நியூட்டன் இருக்கலாம். பேருந்தை முன்னோக்கிச் செலுத்தும் விசையும் சரியாக 1,900 நியூட்டனாக இருக்கும் வரை தொகுபயன் சுழி, வேகம் மாறாது. செலுத்தும் விசை நின்றால் எதிர்விசை மட்டும் மிஞ்சி, 1,900-ஐ 10,000 கிலோவால் வகுக்க, ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 0.19 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 0.7 கி.மீ. வீதம் குறையத் தொடங்கும். (இது நியூட்ரலில், கியரில் இருந்தால் எஞ்சினின் இழுப்பும் சேர்ந்து இன்னும் விரைவாகக் குறையும்.) வேகம் பாதியானால் காற்றுத்தடை கால் பங்காகிவிடுவதால், போகப்போக வேகம் குறையும் வீதமும் தணியும்.

தடையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாயேஜர் 1 சான்று. 1977-இல் ஏவப்பட்ட அந்த விண்கலம், தள்ளும் எஞ்சின் எதுவும் இயங்காமலேயே நொடிக்கு சுமார் 17 கி.மீ. வேகத்தில் விலகிச் சென்றுகொண்டிருக்கிறது. சூரியனின் ஈர்ப்பு மட்டும் அதன் வேகத்தை மிகச் சிறிதளவு குறைத்து வருகிறது.

கூர்நோக்கு:
மேலே உள்ள விளக்கம் சரியே. ஆனால் 'முன்னோக்கிச் செலுத்தும் விசை' எங்கிருந்து வருகிறது என்பதையும் மகளிடம் கேளுங்கள். பெரும்பாலோர் எஞ்சின் என்றுதான் சொல்வார்கள். எஞ்சின் பேருந்துக்குள்ளேயே இருப்பதால் அதனால் பேருந்தை நேரடியாகத் தள்ள முடியாது. அது பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது, சக்கரங்கள் சாலையைப் பின்னோக்கித் தள்ளுகின்றன, சாலை உராய்வின் வழியாகச் சக்கரங்களை முன்னோக்கித் தள்ளுகிறது. சேற்றில் சிக்கிய வண்டியில் எஞ்சின் உறுமியும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்வது இதனால்தான். உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும் என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் தடுமாறும் இடம் இது.

மருதம்:
இருவருக்கும் நன்றி. உடனே அடுத்த கேள்வி வந்துவிட்டது: வேகம் கூடவில்லை என்றால் எரிந்த டீசலின் ஆற்றல் எங்கே போகிறது?

நெடுவழி:
பெரும்பகுதி எஞ்சின் வெப்பமாகவும் புகையோடும் வெளியேறிவிடும். சக்கரங்களை எட்டும் பகுதி, மேற்சொன்ன கணக்கின்படி சுமார் 32 கிலோவாட், டயர்களையும் கலைக்கப்பட்ட காற்றையும் சூடாக்குவதில் முடிகிறது. நெடுந்தூரம் ஓடி வந்து நின்ற பேருந்தின் டயரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.