இரண்டு பக்கமும் பொய் சொல்லிச் சமாதானம் செய்யலாமா?

மாந்தோப்பு_போச்சம்பள்ளி:

வணக்கம். எனக்கு ஊர் போச்சம்பள்ளிப் பக்கம், வேலை ஓசூரில். அப்பாவும் சித்தப்பாவும் பேசி நாலு வருஷம் ஆகிறது. கிணறு பொது. மூன்று நாள் உனக்கு, மூன்று நாள் எனக்கு என்று முறை வைத்துத்தான் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு கோடையில் சித்தப்பா முறையின்போது மோட்டார் காயில் எரிந்துபோனது, தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டது யார், காயில் கட்டும் செலவு யாருடையது என்று ஆரம்பித்த பேச்சு, பாட்டி காரியத்துக்கு யார் எவ்வளவு போட்டார்கள் என்பது வரை போய்விட்டது. அதோடு சரி.

கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சர்ச்சுக்குப் போகிறவர், யூதர்களின் பழைய நூல்களையும் தேடிப் படிப்பார். அவர் ஒரு கதை சொன்னார். பைபிளில் வரும் மோசேயின் அண்ணனும் முதல் தலைமைக் குருவுமான ஆரோன், இரண்டு பேர் சண்டை போட்டால் ஒருவனிடம் போய், "அவன் உனக்குச் செய்த தப்பை நினைத்துத் துணியைக் கிழித்துக்கொண்டு அழுகிறான், உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிறான்" என்பாராம். அப்புறம் மற்றவனிடம் போய் அதையே சொல்வாராம். இரண்டு பேரும் வழியில் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொள்வார்களாம்.

எனக்கு இது பொய்யாகத்தான் படுகிறது. தலைமைக் குருவே இப்படிச் செய்யலாமா? நானும் போய் "சித்தப்பா, அப்பா உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன். உண்மையில் சித்தப்பா பெயரை எடுத்தாலே அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரூர்_வாத்தியார்:

தம்பி, கதை சரிதான். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 'பிதாக்களின் வாக்குகள்' என்ற பகுதியில் ஹில்லேல் என்ற குரு சொல்கிறார்: ஆரோனின் சீடர்களாக இருங்கள், சமாதானத்தை நேசியுங்கள், அதைத் துரத்திப் போங்கள். இந்த வரிக்கு விளக்கமாகப் பின்னால் சொல்லப்பட்டதுதான் உங்கள் நண்பர் சொன்ன கதை.

'துரத்தி' என்பதைக் கவனியுங்கள். 34ஆம் சங்கீதத்தில் தமிழ் பைபிள் 'சமாதானத்தைத் தேடி, அதைத் தொடர்ந்துகொள்' என்று போட்டிருக்கும். ரப்பிகள், அதாவது யூத மத குருக்கள், அந்த இரண்டு வினைச்சொல்லையும் பிரித்துப் பொருள் சொன்னார்கள்: உன் இடத்தில் தேடு, வேறு இடத்தில் இருந்தால் அங்கேயும் பின்னாலேயே ஓடு. மற்ற கட்டளைகளில் 'பகைவனுடைய கழுதை வழி தப்பியதைக் கண்டால்' என்பதுபோல ஒரு 'கண்டால்' இருக்கும், அதாவது கண்ணில் பட்டால் செய்தால் போதும். சமாதானத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

பொய் விஷயத்துக்கு வருகிறேன். ஆதியாகமம் 18இல், பிள்ளை பிறக்கும் என்று கேட்ட சாராள் தனக்குள் சிரித்து, என் புருஷனும் கிழவனாகிவிட்டாரே என்கிறாள். கடவுள் ஆபிரகாமிடம் அதைச் சொல்லும்போது புருஷன் கிழவன் என்ற பேச்சை எடுக்கவே இல்லை, நான் கிழவி என்று சாராள் சொன்னதாக மட்டும் சொல்கிறார். புருஷன் பெண்டாட்டிக்குள் மனத்தாங்கல் வரக்கூடாது என்று கடவுளே வார்த்தையை மாற்றினார், சமாதானம் அவ்வளவு பெரியது என்று, மிஷ்னாவை அலசி விவாதிக்கும் பெரிய நூலான தல்மூத் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே அவர்கள் மரபில் இதற்கு இடம் உண்டு.

ஆனால் கதையில் உங்கள் நண்பர் விட்ட ஒரு வரி இருக்கிறது. ஆரோன் செய்தி சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. கேட்டவன் மனதில் இருக்கும் காய்ச்சல் இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அப்புறம்தான் அடுத்தவன் வீட்டுக்குப் போவார். பொய்யைவிட அந்த உட்கார்வதுதான் வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம். போனில் சொல்லிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சின்னாறு_பென்னாகரம்:

வாத்தியார் ஐயா சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. நான் செய்து பட்டவன். மாமாவுக்கும் பெரிய மாமாவுக்கும் நடுவில் இதே வேலையைச் செய்தேன். இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள், காதுகுத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். கறிக்குழம்பு ஊற்றும்போது பெரிய மாமா, "நீ அழுதியாமே" என்று கேட்க, மாமா "நான் ஏன் அழணும், நீதான் அழுததா இவன் சொன்னான்" என்று சொல்ல, இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இன்றைக்கு அவர்கள் இருவரும் ஒற்றுமை, என்னிடம்தான் பேச்சு இல்லை. ஒருவகையில் சமாதானம்தான்!

நம் தகடூர் அதியமானுக்காக ஔவை பகை மன்னன் தொண்டைமானிடம் தூது போனாள். பொய்யா சொன்னாள்? உன் ஆயுதங்கள் நெய் பூசி மாலை போட்டுப் பளபளவென்று இருக்கின்றன, அவனுடையவை எல்லாம் நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். முழு உண்மை, அதியமானுடையவைதான் போரில் பழகியவை என்று கேட்டவனுக்குப் புரிந்திருக்கும். அந்த மாதிரிச் சொல்லத் தெரிந்தால் போங்கள்.

அரூர்_வாத்தியார்:

ஔவை ஒரு பக்கத்து ஆள், அதியமானின் ஆள். ஆரோன் இரண்டு பக்கத்துக்கும் ஆள், அது வேறு வேலை. ஆனால் உண்மையா சமாதானமா என்ற உங்கள் கேள்வி யூதர்களிடமும் இருந்தது. வழக்கு வந்தால் பேசி ஒத்துப்போகச் செய்யலாமா என்று தல்மூத்திலேயே சண்டை. கூடாது, சட்டம் மலையைத் துளைத்துக்கொண்டு போகட்டும் என்பதுதான் மோசேயின் வழி, ஆரோன்தான் சமாதானக்காரர் என்கிறார் ஒருவர். இன்னொருவர், இரண்டு பேரையும் ஒத்துப்போக வைப்பதே புண்ணியம் என்கிறார். தீர்ப்பு மட்டும் வந்தால் ஒருவன் சிரித்துக்கொண்டும் ஒருவன் கறுவிக்கொண்டும்தானே வீட்டுக்குப் போவான்.

பாலக்கோடு_அக்கா:

எல்லோரும் ஆம்பளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, உங்கள் அம்மாவும் சித்தியும் பேசுகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

யூதர்களின் கதை என்றால் எனக்குத் தெரிந்தது ரப்பி மேயீர் கதை. வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் பிரசங்கம் கேட்கப் போன ஒரு பெண் வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. அந்த ரப்பி முகத்தில் துப்பிவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று புருஷன் கதவைச் சாத்திவிட்டான். ரப்பிக்கு இது தெரியவந்ததும் தனக்குக் கண் நோய் வந்தமாதிரி நடித்து, மந்திரித்துத் துப்பத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டு, அவளையே ஏழு தடவை துப்பச் சொன்னார். போய் உன் புருஷனிடம் சொல், ஒரு தடவை துப்பச் சொன்னாய், ஏழு தடவை துப்பிவிட்டேன் என்று. சீடர்களுக்குக் கோபம், நம் குருவை இப்படி அவமானப்படுத்துவதா என்று. புருஷன் பெண்டாட்டி சமாதானத்துக்காகக் கடவுளின் பெயரையே தண்ணீரில் அழிக்கலாம் என்று தோராவில் (பைபிளின் முதல் ஐந்து நூல்கள்) இருக்கிறதே, என் மரியாதை அதைவிடப் பெரிதா என்று கேட்டாராம். (அந்தப் புருஷனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான், அது தனிக் கதை.)

இதில் எனக்குப் பிடித்தது, அவருடைய நடிப்பில் நஷ்டம் அவருக்கு மட்டும்தான். நீங்கள் சொல்லப்போகும் பொய்யில் அழுததாக ஆவது உங்கள் அப்பா. காயில் கட்டிய பணம் எவ்வளவு? நீங்கள்தான் சம்பாதிக்கிறீர்களே, கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்களேன்.

இராயக்கோட்டை_தக்காளி:

அக்கா சொன்ன பணத்தோடு விஷயம் முடியாது, அடுத்த கோடையில் கிணறு வற்றும்போது மறுபடி ஆரம்பிக்கும். மிஷ்னாவில் 'சமாதானத்தின் வழிகளுக்காக' என்று ஒரு பட்டியல் உண்டு. அறுத்தபின் காட்டில் விட்ட கதிரைப் பொறுக்க வேற்று மதத்து ஏழை வந்தாலும் தடுக்காதே என்பதும் அதில்தான். அதே பட்டியலில், வாய்க்காலுக்குக் கிட்ட இருக்கும் தொட்டி முதலில் நிரம்பட்டும் என்று ஒரு விதி. படித்தபோது நம் ஊர் மாதிரியே இருக்கிறதே என்று சிரித்தேன். பாபிலோனில் 3ஆம் நூற்றாண்டில் ராவ், ஷ்முவேல் என்று இரண்டு பெரிய ஆட்கள். வாய்க்காலை மறித்துப் பாய்ச்சினால் கீழ்க்காட்டுக்காரனுக்குத்தான் முதல் தண்ணீர் என்றார் ராவ், மேல்காட்டுக்காரனுக்கு என்றார் ஷ்முவேல். கடைசியில் தல்மூத் என்ன சொல்லி முடிக்கிறது தெரியுமா? இரண்டில் எது சட்டம் என்று தீரவில்லை, ஆகவே வலுத்தவன் ஜெயிப்பான். அவ்வளவுதான், அப்படியே விட்டுவிட்டார்கள்!

அதனால் முறையை எழுதி வையுங்கள். கரண்ட் போன மணிநேரம் யார் கணக்கு, மோட்டார் எரிந்தால் ஆளுக்குப் பாதியா, தண்ணீர் இறங்கிவிட்டதா என்று போடுமுன் பார்ப்பது யார், எல்லாம் எழுத வேண்டும். பாசத்தை நம்பி விட்டதால்தான் உங்கள் வீட்டில் இப்படி ஆனது.

சின்னாறு_பென்னாகரம்:

இன்னொன்று. எத்தனை தடவை போவது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் செருப்பு தேய்ந்துவிடும்.

அரூர்_வாத்தியார்:

கணக்கும் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கிறவன் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மூன்று தடவை போகவேண்டும், அப்படியும் மறுத்தால் பாவம் மறுத்தவன் தலையில் என்று யூத அறிஞர் மைமோனிடஸ் 12ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். தப்பு செய்தவனுக்குச் சொன்னது அது. உங்கள் வீட்டில் தப்பு செய்தவர் யார் என்பதே இன்னும் தெரியவில்லையே தம்பி.

மாந்தோப்பு_போச்சம்பள்ளி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்டதை அம்மாவிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார், இரண்டு வருஷமாக ரேஷன் கடை வரிசையில் சித்தியும் அவரும் பேசிக்கொள்கிறார்களாம், போன மாதம் சித்தி கொடுத்தனுப்பிய ஆவக்காய் ஊறுகாயைத்தான் அப்பா களிக்குத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். "யார் கொடுத்ததுன்னு அப்பாவுக்குத் தெரியுமா" என்றேன். "கேக்கல, ஆனா தீர்ந்துபோச்சான்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டுட்டாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். காலி ஜாடியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் சித்தப்பா வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். பொய் எதுவும் தயார் செய்யவில்லை. இராயக்கோட்டை அண்ணா, அந்த முறைத் தண்ணீர்த் தாள் உங்களிடம் மாதிரி இருந்தால் அனுப்புங்கள்.