கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்: ‘தசையறை நெரிவு’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எலும்பு முறிவு நோயாளிகளைப் பராமரிக்கும் செவிலியருக்கான கையேட்டின் சொற்பட்டியலில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. எலும்பு முறிவு, மூட்டு விலகல், சுளுக்கு, மாவுக்கட்டு, இழுவை ஆகியவற்றில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இழுபறியாக நிற்பது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் ஒன்றுதான்: தசையை மூடிய உறைக்குள் அழுத்தம் ஏறி, தசைக்குக் குருதி எட்டாமல் போகும் ஆபத்தான நிலை. தசை வீக்க நோய், பெட்டி நோய்க்குறித்தொகுப்பு, தசை இறுக்கம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ஒலிபெயர்த்து அப்படியே விட்டுவிடலாம் என்பது நான்காவது கருத்து.

இவற்றில் எதையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்தச் சொல்லைக் கையேட்டில் படித்துவிட்டு இரவுப் பணிக்குப் போகும் ஒரு செவிலியர், நோயாளியின் காலைத் தலையணை வைத்து உயர்த்துவதா, இறக்குவதா என்று அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். தவறான பெயர் தவறான முடிவுக்கு வழிகாட்டிவிடும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் நான்கு தொகுதிகளாக, ஒவ்வொன்றும் ஓர் உறைக்குள் அடங்கியிருக்கின்றன: முன்புறம், வெளிப்பக்கம், பின்புற மேலடுக்கு, பின்புற ஆழடுக்கு. முன்கையில் இத்தகைய தொகுதிகள் மூன்று. தசையுறை தோலைப் போல விரிந்து கொடுக்காது. கீழ்க்கால் எலும்பு முறிந்தால் குருதி கசிகிறது, தசையும் வீங்குகிறது. இடம் கூடாத நிலையில் உள்ளே பொருள் கூடினால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். இயல்பான நிலையில் அந்த அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். அது ஏற ஏற முதலில் அடைபடுபவை நுண்குழாய்களும் சிறு சிரைகளும். வந்த குருதி வெளியேற வழியில்லாததால் நீர் மேலும் கசிகிறது, அழுத்தம் மேலும் ஏறுகிறது. தமனியின் சுருங்கழுத்தம் (இதயம் சுருங்கும்போது உள்ள குருதி அழுத்தம்) 120 அளவில் இருப்பதால் பெரிய தமனி மட்டும் திறந்தே கிடக்கிறது. பாதத்தில் நாடி தெளிவாகத் துடித்துக்கொண்டிருக்கும்போதே, அதற்கு மேலே ஒரு சாண் தொலைவில் தசை செத்துக்கொண்டிருக்கலாம். குருதி எட்டாத தசை சுமார் 6 மணி நேரத்தில் மீளமுடியாத சேதத்தை அடைந்துவிடுகிறது. நரம்பு அதற்கும் முன்பே தடுமாறத் தொடங்கிவிடும்.

இனி வந்துள்ள சொற்களுக்கு வருகிறேன்.

> வீக்கம் என்று சொன்னால் படிக்காதவருக்கும் புரியும். எளிமைதானே நமக்கு வேண்டும்?

எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான் ஐயா. ஆனால் எலும்பு முறிந்த காலில் வீக்கம் இல்லாதவர் யார்? எல்லாருக்கும் இருக்கும் ஒன்றைச் சிலருக்கு மட்டும் வரும் ஆபத்துக்குப் பெயராக வைத்தால், ஆபத்து கூட்டத்தில் கரைந்துவிடும். இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. வீக்கம் என்றதும் செவிலியரின் கை தானாகவே செய்வது காலை உயர்த்தி வைப்பதும் பனிக்கட்டி ஒத்தடம் கொடுப்பதும்தான். சாதாரண வீக்கத்துக்கு அவை சரியானவை. இங்கே இரண்டுமே தீங்கு. காலை இதயத்துக்கு மேலே உயர்த்தினால் அதற்கு வந்துசேரும் குருதியின் அழுத்தம் குறைகிறது. ஏற்கெனவே திணறும் தசைக்கு இருக்கும் கொஞ்சநஞ்சமும் போய்விடும். குளிர்ச்சி குழாய்களைச் சுருக்கும். கால் இதய மட்டத்திலேயே இருக்க வேண்டும், அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. ‘வீக்க நோய்’ என்று அச்சிட்டுவிட்டு, அடுத்த பத்தியில் ‘வீக்கத்துக்குச் செய்வதைச் செய்யாதீர்கள்’ என்று எழுதும் நிலைக்கு நாம் போகக் கூடாது.

> மூலச் சொல்லுக்கு நேர்மையாக இருக்க வேண்டும். ‘பெட்டி நோய்க்குறித்தொகுப்பு’ என்பதே நேர்பொருள்.

நேர்பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பெட்டி, எங்கே இருக்கும் பெட்டி என்று சொல்லில் எதுவும் இல்லை. நோய்க்குறித்தொகுப்பு என்ற பின்னொட்டும் இங்கே தேவைப்படவில்லை. காரணம் தெரியாமல் அறிகுறிகளை மட்டும் கட்டிவைத்த நோய்களுக்கு அது பொருந்தும். இங்கே காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் ஐயத்துக்கு இடமில்லாதது: மூடிய இடத்தில் ஏறிய அழுத்தம். பணி மாற்றத்தின்போது நின்ற நிலையில் நோயாளிகளை ஒப்படைக்கும் செவிலியர் இத்தனை நீளச் சொல்லை ஒருபோதும் சொல்லமாட்டார்.

‘தசை இறுக்கம்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடிக் களைத்தவருக்கும் தசை இறுகும், தசைப்பிடிப்புக்கும் மக்கள் அதையே சொல்கிறார்கள். மாவுக்கட்டுப் போட்டவர் எவரும் ‘கட்டு இறுக்கமாக இருக்கிறது’ என்றுதான் முறையிடுவார். அந்த முறையீட்டோடு இந்தப் பெயரும் கலந்துவிடும்.

> மருத்துவர்களும் செவிலியர்களும் ஆங்கிலப் பெயரைத்தான் சொல்கிறார்கள். மாற்றினால் குழப்பமே மிஞ்சும்.

இதுதான் வலுவான மறுப்பு. ஆகவே நேராகவே பதில் சொல்கிறேன். மருத்துவரை அழைக்கும்போது ஆங்கிலப் பெயரையே சொல்லட்டும், அதைத் தடுக்க நாம் யார்? ஆனால் கையேட்டின் பாதிப் பகுதி மாவுக்கட்டோடு வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிக்கும் அவரைக் கவனித்துக்கொள்பவருக்கும் உரியது. வலி மாத்திரை கொடுத்தும் அடங்கவில்லை, மேலும் மேலும் கேட்கிறார் என்பதை முதலில் அறிபவர் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் தாயோ மனைவியோதான். குழந்தைகளிடம் இது இன்னும் உண்மை. முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்த குழந்தைக்கு ‘விரலை நீட்டினால் வலிக்கிறது’ என்று சொல்லத் தெரியாது. அமைதியின்மை, பதற்றம், கூடிக்கொண்டே போகும் வலிமருந்துத் தேவை ஆகிய மூன்றும்தான் அங்கே அடையாளம். அந்தத் தாயிடம் நாம் ஒலிபெயர்ப்பைக் கொடுத்தால் எதையும் கொடுக்காததற்குச் சமம்.

என் முன்மொழிவு: தசையறை நெரிவு.

உறைக்குள் அடங்கிய தசைத் தொகுதி ‘தசையறை’. இதய அறை என்று ஏற்கெனவே எழுதுகிறோம் என்பதால் அறை மருத்துவத் தமிழுக்குப் புதிதன்று. நெரிவு என்பதைத்தான் யோசித்துத் தேர்ந்தேன். வீக்கம் அளவைச் சொல்கிறது, இறுக்கம் தொட்டால் தெரிவதைச் சொல்கிறது. நெரிவு நடப்பதையே சொல்லிவிடுகிறது. கழுத்தை நெரித்தால் மூச்சு நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அழுத்தத்தால் ஓட்டம் தடைபடுகிறது, உடனே விடுவிக்காவிட்டால் சாவு என்ற மூன்று செய்தியும் அந்த ஒரு வினையில் இருக்கின்றன. ‘உங்கள் மகனின் காலில் தசை நெரிபடுகிறது, உறையைத் திறந்துவிட வேண்டும்’ என்றால் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும் மருத்துவரின் வேலை பாதி குறைந்துவிடும்.

நசிவு என்று எழுதலாமே என்று செவிலியம் பயிற்றுவிக்கும் அம்மையார் தனிமடலில் கேட்டிருந்தார்கள். இடிபாட்டில் சிக்கிக் கால் நசுங்கியவருக்கு வரும் நோய்க்கு அதை ஒதுக்கிவைக்கலாம் அம்மா. நசுக்குவது வெளியே இருக்கும் சுமை. இங்கே நெரிப்பது உள்ளே ஏறும் அழுத்தம். நசுங்கிய காலில் பின்னர் நெரிவும் வரலாம் என்பதால் இரண்டுக்கும் தனிச்சொல் இருந்தே ஆக வேண்டும்.

இந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் சில சொற்களையும் இப்போதே முடிவுசெய்துவிடுவது நல்லது.

அறிகுறிகளை ஆங்கிலத்தில் ‘பி’ எழுத்தில் தொடங்கும் ஆறு சொற்களாக மனப்பாடம் செய்விக்கிறார்கள். தமிழில் மோனை நமக்கு இன்னும் உதவுகிறது: வலி, விறுவிறுத்தல், வெளிறல், வலுவிழப்பு, வெப்பமிழப்பு. ‘விறுவிறுப்பு’ என்றால் கதையின் வேகம் என்றே இன்று பொருள்படுவதால் விறுவிறுத்தல் என்று வினையாகவே வைத்திருக்கிறேன். ஊசி குத்துவது போன்ற உணர்வைத்தான் சொல்கிறேன், மரத்துப்போதலும் அதில் அடங்கும். ஆறாவதான நாடியின்மை இந்த வகர வரிசைக்குள் வரவில்லை. அது வெளியே நிற்பதே எனக்கு மனநிறைவு. நாடி மறைவது கடைசிக் கட்டம். ‘நாடி இருக்கிறது, கவலையில்லை’ என்ற ஒரு வாக்கியம் இழந்துபோன கால்கள் பலவற்றுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. வரிசையில் முதல் இரண்டைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும். அவை தோன்றும்போதே மருத்துவரை அழைத்தாக வேண்டும், மற்றவை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, நோயாளி தானாக அசைக்காமல் செவிலியர் விரலை நீட்டிப் பார்க்கும் சோதனை. இலக்கணத்திலிருந்து ‘செயப்பாட்டு நீட்டல்’ என்று ஒருவர் எடுத்துத் தந்திருக்கிறார். வார்டில் அது நிற்காது. ‘நீட்டுவலிச் சோதனை’ போதும். செய்முறை எளிது: நோயாளியின் கால் பெருவிரலை இரு விரல்களால் பிடித்து மெதுவாகக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். முன்புறத் தசையறை நெரிபட்டிருந்தால், அதுவரை பல்லைக் கடித்துப் பொறுத்திருந்தவர் அந்தச் சிறு அசைவுக்கே கட்டில் கம்பியை எட்டிப் பிடித்துவிடுவார். பெருவிரலை மேல்நோக்கி வளைத்தால் பின்புற ஆழறைக்குச் சோதனை. அப்படியே பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உள்ள தோலைப் பஞ்சால் தொட்டுப் பார்க்க வேண்டும். முன்புற அறைக்குள் ஓடும் நரம்பு உணர்வூட்டும் இடம் அந்தச் சிறு பரப்புதான். பாதம் முழுவதும் உணர்வு இருந்து, அங்கே மட்டும் மரத்திருந்தாலும் குறித்துக்கொள்ள வேண்டும். மரமரப்பு ஊசி போட்ட நோயாளியிடமும் நினைவிழந்தவரிடமும் இந்தச் சோதனை பேசாது. அங்கே அழுத்தத்தை அளந்து பார்ப்பதே வழி. நோயாளியின் விரிவழுத்தத்துக்கும் (இதயம் விரியும்போது உள்ள குருதி அழுத்தம்) அறையழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு 30 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கிறார்கள். விரிவழுத்தம் 70, அறையழுத்தம் 45 என்றால் மிஞ்சுவது 25 மட்டுமே. இதற்கு ‘மிஞ்சழுத்தம்’ என்று பெயரிடலாம் என்று நினைக்கிறேன்.

அறுவை சிகிச்சைக்குத் ‘தசையுறைப் பிளப்பு’ என்று பட்டியலில் இருக்கிறது. ‘தசையுறைத் திறப்பு’ என்று மாற்றுவோம். பிளப்பு அச்சமூட்டும், அதோடு செய்தியும் குறைவு. திறந்த புண்ணை உடனே தைக்கமாட்டார்கள், வீக்கம் வடிந்த பிறகு சில நாள் கழித்தே மூடுவார்கள். தையலில்லாத நீண்ட புண்ணைக் கண்டு திகைக்கும் உறவினருக்கு, திறப்பு என்ற சொல்லே அதை ஓரளவு விளக்கிவிடும்.

கவனிக்காமல் விட்ட நெரிவின் முடிவில் தசை நாராக மாறிச் சுருங்கிக் கை கூம்பிப்போவதை 1881-இல் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மன் விவரித்தார். இறுக்கமான கட்டையே அவர் முதன்மைக் காரணமாகக் கண்டார். ‘வோல்க்மன் சுருக்கம்’ என்று பெயரைக் காத்துக்கொள்ளலாம். அவர் அன்று காட்டிய காரணத்தால்தான் இன்றும் ஐயம் எழுந்தவுடன் மாவுக்கட்டை மேலிருந்து கீழ்வரை வெட்டி விரிக்கச் சொல்கிறோம். கையேட்டின் வரைவில் ‘கட்டைத் தளர்த்தவும்’ என்று மட்டும் இருப்பது போதாது. மாவுக்கட்டு, அதனடியில் இருக்கும் பஞ்சு, குருதி உலர்ந்து விறைத்த துணி எல்லாவற்றையும் தோல் தெரியும்வரை வெட்ட வேண்டும். பஞ்சுச் சுற்று ஒன்று மீந்தாலும் அது உறைக்குமேல் இன்னோர் உறைதான்.

ஆகவே வரைவின் அந்தப் பத்தியை இப்படி மாற்றிப் பார்த்தேன்:

“தசையறை நெரிவு என ஐயுற்றால் கட்டைத் தோல்வரை வெட்டி விரிக்கவும். காலை இதய மட்டத்தில் வைக்கவும். ஒத்தடம் கொடுக்க வேண்டாம். மருத்துவருக்கு உடனே தெரிவிக்கவும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவும் நீரும் நிறுத்தவும். சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கவும். கரும்பழுப்பாக மாறினால் சிதைந்த தசையின் நிறமி சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். வலி, விறுவிறுத்தல், நீட்டுவலி ஆகியவற்றை நேரத்தோடு குறிக்கவும்.”

இந்தப் பத்தியில் நெரிவு என்பதை எடுத்துவிட்டு வீக்கம், இறுக்கம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் படித்துப் பாருங்கள். வீக்கத்தோடு ‘ஒத்தடம் வேண்டாம்’ முரண்படுகிறது. இறுக்கத்தோடு ‘அறுவை சிகிச்சை’ ஒட்டவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. ஓட்டப்பந்தய வீரர்களுக்குப் பயிற்சியின்போது வந்து ஓய்வில் அடங்கும் நெரிவும் உண்டு. அதை ‘உழைப்புசார் தசையறை நெரிவு’ என்று பிரித்துவிடலாம். முறிவை ஒட்டி வருவதற்கு என்ன அடைமொழி கொடுப்பது? ‘திடீர்’ பொருந்தாது, பல மணி நேரத்தில் ஏறிவருவது அது. ‘கடும்’ என்றால் வலியின் அளவைக் குறிப்பதாக எடுத்துக்கொள்வார்கள். அடைமொழி எதுவுமின்றி ‘தசையறை நெரிவு’ என்றாலே முறிவை ஒட்டிய அவசர நிலையைக் குறிக்கும், மற்றதற்கு மட்டும் அடைமொழி என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் சாய்வு. வார்டில் பணியாற்றும் உறுப்பினர்கள் இதற்கு மறுமொழி எழுதினால் பட்டியலை முடித்துவிடலாம்.