டேட்டா[1]-ஐ டேட்டா[] ஆக்கியதும் கடைசி பைட் காணவில்லை

மாட்டுத்தாவணி_டிரைவர்:
வணக்கம். பஸ் டிரைவர் இல்லை, லினக்ஸ் டிரைவர், வீட்டிலேயே இன்னும் விளக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு மீட்டர் போர்டுக்கான பழைய கோடு என் தலையில் விழுந்திருக்கிறது. மெசேஜ் ஸ்ட்ரக்ட்டில் முதலில் யு32 (4 பைட்) நீளம், அப்புறம் இரண்டு யு16 (தலா 2 பைட்), கடைசியில் யு8 (1 பைட்) டேட்டா[1]. புது கர்னலில் மெம்காப்பி (பைட்டுகளை நகலெடுப்பது) வரும் இடமெல்லாம் வார்னிங் கொட்டியது, அதனால் அந்த 1-ஐ மட்டும் எடுத்துவிட்டேன். வார்னிங் போய்விட்டது, ஆனால் இப்போது போர்டுக்குப் போகும் ஒவ்வொரு மெசேஜிலும் கடைசி பைட் இல்லை, செக்சம் தப்பு என்கிறது. ஒரே ஒரு எழுத்தை எடுத்ததற்கு இவ்வளவா?

தெப்பக்குளத்தான்:
கோடில் சைஸ்ஆஃப் (ஸ்ட்ரக்ட் மொத்தம் எத்தனை பைட் என்று சொல்வது) என்று தேடிப் பாருங்கள். எங்காவது 1 கழித்திருப்பார்கள்.

மாட்டுத்தாவணி_டிரைவர்:
இருக்கிறது அண்ணே, மூன்று இடத்தில். சைஸ்ஆஃப்(*மெசேஜ்) - 1 + n, இதில் n டேட்டாவின் நீளம்.

தெப்பக்குளத்தான்:
அதுதான். [1] இருந்தபோது மொத்தம் 9 பைட் என்று நினைத்து எழுதியவர் 1 கழித்திருக்கிறார். ஆனால் உள்ளே யு32 இருப்பதால் கம்பைலர் 4-இன் மடங்காக நிரப்பி 12 ஆக்கியிருக்கும், ஆக இத்தனை வருடமும் நீங்கள் அனுப்பியது 11 + n, பின்னால் 3 பைட் குப்பை, போர்டு நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது சைஸ்ஆஃப் 8, அதில் 1 கழித்தால் 7 + n. கேமல்லாக்கிலும் (கர்னலில் மெமரி ஒதுக்குவது) இதே கணக்கு என்றால் ஒதுக்கிய இடத்துக்கு வெளியே ஒரு பைட் எழுதுகிறீர்கள், செக்சம்மை விட அதுதான் பெரிய வில்லங்கம். மூன்று இடத்திலும் ஸ்ட்ரக்ட்_சைஸ்() போடுங்கள், ஸ்ட்ரக்ட்டையும் பின்னால் வரும் அரேயையும் சேர்த்து அதுவே கூட்டிக்கொள்ளும், கணக்கு எல்லை மீறினாலும் சுருங்கிப்போகாமல் அதிகபட்ச எண்ணைத் தரும், கேமல்லாக் தோற்றுவிடும்.

ஜிகர்தண்டா64:
[0] போட்டாலும் சைஸ்ஆஃப் 8 தானே? நாங்கள் அப்படித்தான் எழுதிப் பழகினோம்.

தெப்பக்குளத்தான்:
வரும். ஆனால் அது ஜிசிசி கம்பைலரின் சொந்தச் சரக்கு, [] தான் சி மொழியின் சி99 தரத்திலிருந்து முறையானது. கர்னல் 6.5-இலிருந்து ஸ்ட்ரிக்ட் ஃப்ளெக்ஸ் அரேஸ் 3 என்ற அளவில் வைத்துத்தான் கம்பைல் ஆகிறது, கடைசியில் [] இருந்தால் மட்டுமே நீளும் அரே. [0] என்றால் நிஜமாகவே பூஜ்யம், [1] என்றால் ஒன்றேதான். டிரைவருக்கு வந்த வார்னிங்கும் இந்த வகையறாதான்.

வைகைக்கரை:
தம்பி, இதே ஸ்ட்ரக்ட் யூசர் பக்க ஹெடரிலும் இருக்கிறதா? இருந்தால் கை வைக்காதீர்கள். ஐஆக்டில் (அப்ளிகேஷன் டிரைவருக்கு ஆணை அனுப்பும் அழைப்பு) எண்ணுக்குள்ளேயே சைஸ்ஆஃப் ஒளிந்திருக்கிறது, 12 போய் 8 ஆனால் எண்ணே மாறிவிடும், பழைய அப்ளிகேஷன் ஒன்றும் பேசாது. அங்கே ஒரு யூனியனுக்குள் பழைய [1]-ஐயும் __டிக்ளேர்_ஃப்ளெக்ஸ்_அரேயையும் ([] அரேயை யூனியனுக்குள் வைக்க உதவும் மேக்ரோ) சேர்த்து வையுங்கள், அளவு மாறாது. அனுப்பும் நீளத்துக்கு ஆஃப்செட்ஆஃப் (ஸ்ட்ரக்ட்டில் டேட்டா எந்த பைட்டில் தொடங்குகிறது என்று சொல்வது) + n.

மாட்டுத்தாவணி_டிரைவர்:
இருக்கிறது அண்ணே. ஹெடரையும் நேற்றே மாற்றிவிட்டேன். காலையிலிருந்து கான்ஃபிக் டூல் ஏன் திறக்கவில்லை என்று கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.